சிம்ப்சன்ஸ் தொடரைப் புரட்டிப் போட்ட எபிசோடுகள்: எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் யாருக்கும் வயது ஏறாது. 1989 டிசம்பர் 17 அன்று, அங்கே வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் முதல் எபிசோடு ஃபாக்ஸ் சேனலில் வந்தபோது பார்ட் நான்காம் வகுப்பு, லிசா இரண்டாம் வகுப்பு, மேகி வாயில் சூப்பானோடு கைக்குழந்தை. 750 எபிசோடுகளுக்கு மேல் ஓடிவிட்டது. இன்றும் அப்படியேதான் இருக்கிறார்கள். அவர்களின் அப்பா ஹோமர் வேலை பார்க்கும் அணுமின் நிலையத்தில் என்ன கூத்து அடித்தாலும் அடுத்த வாரம் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். வீடு எரிந்தாலும் வேலை போனாலும் ஏழு நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இந்த வழக்கத்தை நம்பிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒருவர் செத்துப்போவார். அடுத்த வாரமும் வரமாட்டார், அதற்கடுத்த வாரமும் வரமாட்டார். அந்த அடியை முழுசாக வாங்க வேண்டுமென்றால் இணையத்தில் கிடைக்கும் ‘டாப் 10 அதிர்ச்சிகள்’ பட்டியலை வைத்துக்கொண்டு அந்தப் பத்தை மட்டும் பார்த்தால் போதாது. இறந்தவரை அதற்கு முன்னால் ஒரு சாதாரண நாளில் நாம் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஊர் அவரை நினைவில் வைத்திருந்ததா, மறந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். முன், அன்று, பின் என்ற இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

ஒரு எபிசோடு சுமார் 22 நிமிடம். இங்கே சொல்லும் எல்லாவற்றையும் பார்க்க ஆறு ஏழு மணி நேரம் ஆகும். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். நாளுக்கு இரண்டு போதும். மனதில் ஊற நேரம் வேண்டும். சீசன், எபிசோடு எண்களைத் தந்திருக்கிறேன், அந்த எண்ணை வைத்தே தேடுங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் தலைப்புக்குக் கீழே இருக்கும் இரண்டு வரிக் குறிப்பு பல சமயம் முக்கியமான விஷயத்தைப் போட்டு உடைத்துவிடும். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், வேகமாகப் பேசுவார்கள்.

கீழே கதை முடிவுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு படியிலும் தலைப்பையும் எண்ணையும் பார்த்தவுடன் நிறுத்திவிட்டு, முதலில் எபிசோடைப் பாருங்கள். மீதியை அப்புறம் வந்து படிக்கலாம்.

படி 1: சாதாரண நாளைப் பழகிக்கொள்ளுங்கள்

‘மோனிங் லிசா’, சீசன் 1, எபிசோடு 6. 1990 பிப்ரவரியில் வந்தது. இதில் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. லிசாவுக்குக் காரணம் தெரியாத ஒரு சோகம். இரவில் வீட்டை விட்டு இறங்கி நடக்கிறாள். பாலத்தின் மேல் நிலா வெளிச்சத்தில் ஒருவர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் பிளீடிங் கம்ஸ் மர்ஃபி. இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். படங்கள் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், குரல்களும் இன்று நாம் கேட்கும் குரல்களாக இருக்காது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மனிதரின் முகத்தை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ‘தி வே வீ வாஸ்’ (சீசன் 2, எபிசோடு 12) பார்த்துவிடுங்கள். ஹோமரும் அவர் மனைவி மார்ஜும் 1974-இல் பள்ளிக்கூடத்தில் சந்தித்த கதை. இந்த வருடம் பின்னால் ஒரு இடத்தில் நமக்குத் தேவைப்படும்.

படி 2: முதல் சாவு

‘ரவுண்ட் ஸ்பிரிங்ஃபீல்டு’, சீசன் 6, எபிசோடு 22, 1995 ஏப்ரல் 30.

பார்ட் சாப்பிட்ட கார்ன்ஃபிளேக்ஸ் மாதிரியான தானியத்தில் ஒரு உலோகத் துண்டு. வயிற்றுவலி, ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை. எல்லாம் வழக்கமான சிரிப்பு. அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு கட்டிலில் மர்ஃபி படுத்திருப்பதை லிசா பார்க்கிறாள். பள்ளிக் கச்சேரிக்குத் தன் சாக்ஸபோனையே தந்து அனுப்புகிறார். மறுநாள் அவள் சந்தோஷமாகத் திரும்பி வரும்போது அவர் இல்லை.

இறுதிச் சடங்குக்கு வந்த ஒரே ஆள் லிசா. பாதிரியாருக்கு அவர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் காட்சியில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். ஏனென்றால் ஒரு கலைஞனுக்கு நடக்கக்கூடிய மோசமான விஷயம் அங்கே நடக்கிறது: ஊருக்கு அவரைத் தெரியவே தெரியாது.

கடையில் மர்ஃபியின் இசைத்தட்டு 250 டாலர். அவர் இறந்துவிட்டார் என்று லிசா சொன்ன அடுத்த நொடி 500 ஆகிறது. பார்ட்டுக்கு நஷ்ட ஈடாகக் கையில் வந்து சேர்ந்ததும் அதே 500 டாலர்தான். அவன் அதைக் கொடுத்துத் தங்கைக்காகத் தட்டை வாங்குகிறான், ஏனென்று அவளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்கிறான். தொடரில் பார்ட்டை நான் முழுமனதாக நேசிக்கத் தொடங்கிய இடம் இது.

இப்போது ‘பின்’. தொடக்கப் பாடலில் பார்ட் ஸ்கேட்போர்டில் நடைபாதையில் ஊர்க்காரர்களைத் தாண்டிப் போவான் அல்லவா? இந்த எபிசோடுக்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்த வரிசையில் மர்ஃபி சாக்ஸபோனோடு நின்றுகொண்டிருப்பார். படி 4, 5-இல் உள்ள எபிசோடுகளின் தொடக்கப் பாடலைத் தாண்டிவிடாதீர்கள். பல எபிசோடுகளில் பாடல் சுருக்கமாகத்தான் வரும், முழுசாக வரும்போது தேடிப் பாருங்கள்.

படி 3: கோடை முழுக்கக் காத்திருந்த துப்பறியும் கதை

‘ஹூ ஷாட் மிஸ்டர் பர்ன்ஸ்?’ பர்ன்ஸ், ஹோமர் வேலை பார்க்கும் அணுமின் நிலையத்தின் முதலாளி. இரண்டு பாகங்கள். சீசன் 6, எபிசோடு 25. சீசன் 7, எபிசோடு 1.

முதல் பாகம் 1995 மே 21, இரண்டாவது செப்டம்பர் 17. நடுவில் நான்கு மாதம். அமெரிக்க ரசிகர்கள் அந்தக் கோடை முழுவதும் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். இணையம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. முகம் தெரியாதவர்கள் கூடி ஒரு கார்ட்டூனின் காட்சிகளை நிறுத்தி நிறுத்தி ஆராய்ந்தார்கள். யார் சுட்டது என்று கண்டுபிடிக்க ஒரு போட்டியும் நடந்தது. ரகசியம் கசியக்கூடாது என்பதற்காக வேறு ஆட்கள் சுடுவதுபோல மாற்றுக் காட்சிகளையும் வரைந்து வைத்திருந்தார்கள்.

நீங்களும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டாம், ஆனால் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். முதல் பாகம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, பர்ன்ஸைச் சுடக் காரணம் உள்ளவர்களை எழுதுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அடியில் கிடைத்த எண்ணெயைத் திருடினார், நாய்க்குட்டிக்குக் காயம், மோவின் மதுக்கடை மூடல், ஹோமரின் பெயரை எத்தனை முறை சொன்னாலும் மறப்பது, கடைசியில் ஊருக்கு வரும் சூரியனையே மறைப்பது. பட்டியல் நீளமாகத்தான் வரும். பிறகு பர்ன்ஸ் விழுந்து கிடக்கும் அந்தச் சூரியக் கடிகாரத்தை இன்னொரு முறை பாருங்கள். அவர் கைகள் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காட்டுகின்றன. நமக்குத் தெரிவது ‘டபிள்யூ’வும் ‘எஸ்’ஸும். அவர் படுத்திருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் ‘டபிள்யூ’ தலைகீழாகி ‘எம்’ ஆகிவிடும். எம், எஸ்: மேகி சிம்ப்சன்.

குழந்தை கையிலிருந்த மிட்டாயைப் பிடுங்கப் போனவர், தன் துப்பாக்கி நழுவி அவள் கையில் விழுந்து வெடித்ததில் சுடப்பட்டார். இந்த முடிவு ஏமாற்றம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. துப்பு எல்லாம் முதல் பாகத்திலேயே கண் முன்னால் கிடந்தது. குழந்தைதானே என்று நாம்தான் அவளை ஒதுக்கிவிட்டோம்.

படி 4: அம்மா

‘மதர் சிம்ப்சன்’, சீசன் 7, எபிசோடு 8, 1995 நவம்பர் 19. அவசரத்தில் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஹோமர் அலுவலக வேலையிலிருந்து தப்பிக்கத் தான் செத்துவிட்டதாக நாடகம் ஆடுகிறார். செய்தி கேட்டுக் கல்லறைக்கு வருகிறார் ஒரு வயதான பெண்: ஹோமரின் அம்மா மோனா. சின்ன வயதிலிருந்து இறந்துவிட்டதாக ஹோமர் நம்பிக்கொண்டிருந்த அம்மா. அறுபதுகளில் பர்ன்ஸின் கிருமி ஆயுதக் கூடத்தை அழித்த குழுவில் இருந்ததால் தலைமறைவாகப் போனவர். குரல் கொடுத்தவர் நடிகை கிளென் குளோஸ்.

அதுவரை ஹோமரின் முட்டாள்தனமும் பசியும் சும்மா சிரிக்க மட்டும்தான் இருந்தன. இந்த 22 நிமிடங்களுக்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா இல்லாமல் வளர்ந்த ஒரு பையன் உள்ளே தெரிகிறான். போலீஸ் நெருங்கியதும் அம்மா மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. வேன் மறைந்த பிறகு ஹோமர் ஆளில்லாத சாலையில் கார் பானட் மீது உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர்கள் ஓட ஓட அவர் அசையாமல் அப்படியே இருக்கிறார். கடைசியில் ஒரு ஜோக் வைக்கலாம் என்ற ஆசையை ஒரு நகைச்சுவைத் தொடர் அடக்கிக்கொண்டது பெரிய விஷயம். பெயர்கள் முடியும் வரை ரிமோட்டைத் தொடாதீர்கள்.

இதன் ‘பின்’ மிகவும் தள்ளி இருக்கிறது: ‘மோனா லீவ்ஸ்-ஆ’, சீசன் 19, எபிசோடு 19, 2008 மே 11. மோனா மறுபடி வருகிறார். விட்டுவிட்டுப் போன கோபத்தில் ஹோமர் மன்னிக்க மறுக்கிறார். சமாதானம் பேச இரவில் இறங்கி வரும்போது, கணப்பு அடுப்பின் முன்னால் நாற்காலியில் அம்மா இறந்து கிடக்கிறார். இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்துவிடுங்கள், வரிசை எண்ணைப் பார்க்க வேண்டாம்.

படி 5: மாறியது மாறியபடியே நின்றவை

எல்லாத் திருப்பமும் சாவில்தான் வர வேண்டும் என்றில்லை. ‘லிசா தி வெஜிடேரியன்’ (சீசன் 7, எபிசோடு 5) எபிசோடில் லிசா அசைவத்தை விடுகிறாள். இதில் தோன்ற பால் மெக்கார்ட்னி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அடுத்த வாரமே அவளை மறுபடி அசைவம் ஆக்கிவிடக்கூடாது. சரி என்றார்கள். 1995-இல் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள்.

‘எ மில்ஹவுஸ் டிவைடட்’ (சீசன் 8, எபிசோடு 6) எபிசோடில் பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸின் பெற்றோர் விருந்துக்கு வந்த இடத்தில் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். கடைசியில் கணவர் பாட்டுப் பாடித் திரும்பக் கூப்பிடுகிறார். சேர்ந்துவிடுவார்கள் என்றுதான் நினைப்போம். மனைவி முடியாது என்கிறார். பல சீசன்கள் வரை கதை அங்கேயே நின்றது.

படி 6: ஃபிராங்க் கிரைம்ஸ்

‘ஹோமர்ஸ் எனிமி’, சீசன் 8, எபிசோடு 23, 1997 மே 4. எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர்.

நம்மைப் போன்ற ஒரு மனிதரை ஸ்பிரிங்ஃபீல்டுக்குள் விட்டால் என்ன ஆகும்? ஃபிராங்க் கிரைம்ஸ் அப்படிப்பட்டவர். நான்கு வயதில் பெற்றோர் கைவிட்டுவிட்டார்கள். விபத்தில் சிக்கி, மீண்டு, தபால் வழியில் படித்து, வேலைக்கு வந்திருக்கிறார். குடியிருக்கும் அறைக்கு மேலேயும் ஒரு பவுலிங் கூடம், கீழேயும் ஒரு பவுலிங் கூடம். பக்கத்து மேசையில் ஹோமர்: வேலை தெரியாது, தூக்கம், அடுத்தவர் சாப்பாட்டை எடுத்துத் தின்பது. ஆனால் அவருக்குப் பெரிய வீடு, அன்பான குடும்பம், விண்வெளிக்குப் போய் வந்த அனுபவம். அமிலத்தைக் குடிக்கப் போன ஹோமரைக் காப்பாற்றியதற்குத் திட்டு வாங்குவதும் கிரைம்ஸ்தான்.

கிரைம்ஸ் கேட்பதெல்லாம் நியாயம். ஊரில் யாருக்கும் அது கேட்கவில்லை. கடைசியில் நானும் ஹோமர் மாதிரி இருந்து காட்டுகிறேன் என்று வெறி பிடித்து ஓடி, கையுறை இல்லாமல் மின் கம்பியைத் தொட்டுச் சாகிறார். இறுதிச் சடங்கில் ஹோமர் தூங்குகிறார், தூக்கத்தில் உளறுகிறார், ஊரே சிரிக்கிறது. சவப்பெட்டி இறங்குகிறது.

முதல் முறை பார்த்தபோது நானும் சிரித்தேன், சிரித்து முடித்ததும் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடம்தான் இந்த எபிசோடின் உயிர். இத்தனை வருடம் யாருடைய இடத்திலிருந்து இந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அது கேட்கிறது. தைரியம் என்று பார்த்தால் முழுத் தொடரிலும் இதற்குத்தான் என் முதலிடம். நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் பாருங்கள். வேலையிடத்தில் நொந்துபோய் வந்த இரவில் வேண்டாம்.

படி 7: ரசிகர்கள் மன்னிக்காத எபிசோடு

‘தி பிரின்சிபல் அண்ட் தி பாப்பர்’, சீசன் 9, எபிசோடு 2, 1997 செப்டம்பர் 28.

தலைமையாசிரியர் ஸ்கின்னரின் பணிக்கு 20 ஆண்டு நிறைவு விழா. வாசலில் ஒருவர் வந்து, நான்தான் உண்மையான சீமோர் ஸ்கின்னர் என்கிறார். குரல் மார்ட்டின் ஷீன். எட்டு சீசன்களாக நாம் பார்த்தவர் அர்மின் டாம்சேரியன் என்ற பழைய ஊதாரிப் பையன். வியட்நாம் போரில் தன் சார்ஜென்ட் ஸ்கின்னர் இறந்துவிட்டதாக நம்பி, தாயிடம் செய்தி சொல்லப் போனவர், சொல்ல முடியாமல் அந்தத் தாய்க்கு மகனாகவே இருந்துவிட்டார். முடிவில் ஊர் கூடி உண்மையான ஸ்கின்னரை நாற்காலியோடு கட்டி ரயிலில் ஏற்றி அனுப்புகிறது. இனி இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, பேசினால் சித்திரவதை என்று நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார்.

ஸ்கின்னருக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷீரரே இந்தக் கதையை வெளிப்படையாகக் கண்டித்தார்: ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மனதை வைத்த ஒன்றைக் காரணமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்பது அவர் வாதம். எழுதிய கென் கீலருக்கு வேறு நியாயம் இருந்தது. பிடித்தது எதுவும் மாறக்கூடாது என்று அடம் பிடிக்கும் மக்களைப் பற்றியதுதான் இந்தக் கதை என்றார்.

எனக்கு கீலர் சொல்வது புரிகிறது, மனம் ஷீரர் பக்கம் இருக்கிறது. மர்ஃபியின் சாவு நடந்த கதைகளுக்குக் கனம் சேர்த்தது. இது முன்னால் நடந்த ஒவ்வொரு ஸ்கின்னர் காட்சியையும் பொய்யாக்கிவிடுகிறது, குறிப்பாக அம்மாவுக்கு அடங்கி நடக்கும் மகனின் காட்சிகளை. நீங்கள் பார்த்து உங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘பின்’ வேண்டுமானால் சீசன் 15, எபிசோடு 9-இல் வருகிறது. லிசாவின் பூனை செத்து, பதிலுக்கு வந்த பூனைக்கும் பழைய பெயரையே வைக்கிறாள். இது ஏமாற்று வேலையில்லையா என்று கேட்கிறார் ஸ்கின்னர். அதற்கு அவள் அவரை எந்தப் பெயரில் கூப்பிடுகிறாள் என்று கேளுங்கள்.

படி 8: நிஜ வாழ்க்கை உள்ளே வரும்போது

‘அலோன் அகெய்ன், நாச்சுரா-டிடிலி’, சீசன் 11, எபிசோடு 14, 2000 பிப்ரவரி 13.

கார் பந்தய மைதானம். டி-ஷர்ட்டுகளைப் பீரங்கியால் கூட்டத்துக்குள் சுடுகிறார்கள். எனக்கு எனக்கு என்று கத்திய ஹோமர், சரியான நொடியில் எதையோ எடுக்கக் குனிகிறார். பின்னால் வந்த மாட் ஃபிளாண்டர்ஸ், பக்கத்து வீட்டு நெட்டின் மனைவி, அடிபட்டு உயரத்திலிருந்து விழுந்து இறக்கிறார். ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்தியிருந்ததும் ஹோமர்தான்.

கதைக்குப் பின்னால் சம்பளத் தகராறு இருந்தது. மாட்டுக்குக் குரல் கொடுத்த மேகி ராஸ்வெல் டென்வரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பறந்து வந்து போகும் செலவுக்கு ஏற்ற ஊதியம் கேட்டார். ஒத்துவராமல் 1999-இல் விலகினார். பிறகு 2002-இல் திரும்பி வந்தார். அவர் வந்தார், மாட் வரவில்லை.

இந்த எபிசோடை என் அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். “அடுத்த வாரம் வந்துடுவாங்கல்ல, மாமா?” என்று கேட்டான். இல்லை என்று சொன்னதும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பிரிங்ஃபீல்டின் விதி அவனுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

நம் மெகா சீரியல்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு எழுத்து வரும், கதை நகர்ந்துவிடும். இங்கே அப்படிச் செய்யாத இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். 1998 மே மாதம் ஃபில் ஹார்ட்மேன் கொல்லப்பட்டதும், அவர் குரல் கொடுத்த டிராய் மெக்ளூர், வக்கீல் லயனல் ஹட்ஸ் இருவரையும் தொடரிலிருந்து ஓய்வு பெறச் செய்துவிட்டார்கள். 2013 அக்டோபரில் மார்சியா வாலஸ் இறந்ததும் அவர் குரல் கொடுத்த ஆசிரியை எட்னா கிராபாபலும் போனார். அடுத்து வந்த எபிசோடில் (சீசன் 25, எபிசோடு 3) கரும்பலகையில் பார்ட் எப்போதும் போலப் பலமுறை எழுதவில்லை. உங்களை ரொம்பவும் தேடுவோம் என்று ஒரே ஒரு வரி மட்டும். அதற்குள் எட்னா நெட் ஃபிளாண்டர்ஸை மணந்திருந்தார். ஆக, நெட் இரண்டாம் முறையும் மனைவியை இழந்தார்.

படி 9: முன்கூட்டியே அறிவித்த அதிர்ச்சி

இதை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரு முக்கியக் கதாபாத்திரம் சாகப்போகிறது என்று தயாரிப்பாளர் அல் ஜீன் 2013-இலேயே சொல்லிவிட்டார். ஒரு வருடம் எல்லோரும் ஊகித்தார்கள். 2014 செப்டம்பரில் ‘கிளவுன் இன் தி டம்ப்ஸ்’ எபிசோடில் (சீசன் 26, எபிசோடு 1) இறந்தது கோமாளி கிரஸ்டியின் அப்பா. கதை மோசமில்லை. ஆனால் முரசறைந்துவிட்டு வரும் சாவுக்கு நாம் தயாராக உட்கார்ந்திருக்கிறோம், அதனால் அடி படுவதில்லை.

படி 10: லாரி

‘கிரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’, சீசன் 35, எபிசோடு 15, 2024 ஏப்ரல் 21.

மோவின் மதுக்கடையில் எப்போதும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். பேசுவதே அபூர்வம். முதல் எபிசோடிலிருந்தே பின்னணியில் இருந்தவர். அவர் அந்த நாற்காலியிலேயே இறந்துபோகிறார். அஸ்தியைக் கரைக்கக் கிளம்பும் ஹோமர், மோ, லென்னி, கார்ல் நால்வருக்கும் வழியில்தான் உறைக்கிறது: இத்தனை காலம் பக்கத்தில் இருந்தவரைப் பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாது. நமக்கும் தெரியாது. ரசிகர்கள் இவ்வளவு வருத்தப்படுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்பதுபோல் இருந்தது தயாரிப்புக் குழுவின் பதில். படி 2-இல் லிசா தனியாக நின்ற அந்தக் கல்லறையை இதைப் பார்த்த பிறகு நினைத்துப் பாருங்கள்.

படி 11: முடிவு என்று நம்பவைத்தவை

‘பார்ட்ஸ் பர்த்டே’ (சீசன் 36, எபிசோடு 1, 2024 செப்டம்பர் 29) தொடரின் கடைசி எபிசோடு என்ற பாவனையில் தொடங்குகிறது. மேடையில் கோனன் ஓபிரையன். அவர் ஒரு காலத்தில் இந்தத் தொடருக்கு எழுதியவர். ஊரில் எல்லாக் கதைகளும் வரிசையாக முடிவுக்கு வருகின்றன. ஏதோ தப்பு என்று உணர்வது பார்ட் மட்டும்தான். தான் மாறக்கூடாது, ஊர் மாறக்கூடாது என்று அவன் போராடுகிறான். இதுவரையிலான படிகளைப் பார்த்து வந்தவருக்கு இந்த எபிசோடின் ஒவ்வொரு நொடியும் புரியும்.

அதே சீசனின் கடைசி எபிசோடு ‘எஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ (எபிசோடு 18, 2025 மே 18). பல ஆண்டுகள் தாண்டிய எதிர்காலத்தில் மார்ஜின் கல்லறை. பார்ட்டும் லிசாவும் பெரியவர்களாகி, பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். மார்ஜ் செத்துவிட்டார் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. எதிர்காலத்தைக் காட்டும் எபிசோடுகள் எல்லாம் கற்பனைதான், அடுத்த எபிசோடில் வேறு மாதிரி இருக்கும் என்று தயாரிப்பாளர் மாட் செல்மன் விளக்க வேண்டியதாயிற்று.

அவர் சொல்வது உண்மைதான். படி 1-இல் 1974 என்று குறித்து வைத்தீர்கள் அல்லவா? 2008 ஜனவரியில் வந்த ‘தட் நைன்டீஸ் ஷோ’ (சீசன் 19, எபிசோடு 11) ஹோமர், மார்ஜ் காதலைத் தொண்ணூறுகளுக்கு நகர்த்திவிட்டது. வயது ஏறாத ஊரில் கடந்த காலமும் நகர்ந்துகொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் மார்ஜின் கல்லறையைப் பார்த்தபோது அந்த விளக்கம் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. முடிந்ததும் ‘மதர் சிம்ப்சன்’ கடைசி இரண்டு நிமிடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கார் மேல் ஹோமர் உட்கார்ந்திருந்தார்.